பழைய விமானத்தளத்தின் படம் கிடைத்தால் எந்த வழியில் தேடுவது?

பழைய ஆல்பத்திலோ ஆவணக் கட்டிலோ ஒரு விமானத்தளத்தின் படம் கிடைக்கிறது. பின்பக்கம் எதுவும் எழுதவில்லை. எந்த நாடு, எந்த வருஷம், எதுவும் தெரியாது, ஓடுபாதைகளும் சுற்றியிருக்கும் வயல்களும் மட்டும் தெரிகின்றன. இது எந்தத் தளம் என்று கண்டுபிடிக்க இன்றைக்கு நான்கைந்து வழிகள் இருக்கின்றன: இன்றைய சாட்டிலைட் படம், பழைய நிலவரைபடம், காப்பகங்களில் இருக்கும் அந்தக் கால வான்படம், உளவுச் செயற்கைக்கோள்கள் எடுத்துப் பிற்பாடு வெளியே விட்ட படங்கள், அப்புறம் லேசரால் தரையை அளக்கும் லைடார். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் நாள்தான் போகும். எதில் தொடங்குவது? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எவ்வளவு தெளிவான படம் என்று பார்க்காதீர்கள், உங்கள் படத்தின் காலத்துக்கு எவ்வளவு பக்கத்தில் எடுத்தது என்று பாருங்கள்.

காரணம் இதுதான். போர்க்கால விமானத்தளம் அளவுக்குச் சீக்கிரம் முளைத்துச் சீக்கிரம் மறைகிற பெரிய கட்டுமானம் வேறு இல்லை. இரண்டாம் உலகப்போரில் சில மாதங்களில் கட்டி, இரண்டு மூன்று வருஷம் ஓட்டி, போர் முடிந்ததும் அப்படியே விட்டுவிட்டுப் போன தளங்கள் ஏராளம். கான்கிரீட்டைப் பெயர்த்துச் சாலைக்கு அடித்தளமாகக் கொண்டுபோனார்கள், மிச்ச இடத்தை உழுதுவிட்டார்கள், சில இடங்களில் ஊரே எழும்பிவிட்டது. 1944-இல் எடுத்த படத்தை இன்றைய படத்தோடு ஒப்பிட்டால் நடுவில் எண்பது வருஷம் இருக்கிறது. அதையே 1946 படத்தோடு ஒப்பிட்டால் இரண்டே வருஷம், அந்த 1946 படம் எவ்வளவு மங்கலாக இருந்தாலும் ஓடையின் வளைவும் தோப்பின் மூலையும் பண்ணை வீட்டுக்குப் போகிற பாதையும் அதே இடத்தில் இருக்கும்.

ஆனால் காலத்தைத் தெரிந்துகொள்ளாமல் காலத்துக்குப் பக்கத்தில் போக முடியாது. அதனால் எந்த வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னாலும் ஒரு மணி நேரமாவது கையில் இருக்கும் படத்தோடு மட்டும் உட்கார வேண்டும்.

முதலில் நிழல். வான்படத்தை நிழல்கள் உங்கள் பக்கமாக விழும்படி திருப்பி வைத்துப் பாருங்கள். மாற்றி வைத்தால் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் தெரியும், ஏனென்றால் வெளிச்சம் எப்போதும் மேலேயிருந்து வருகிறது என்றே மூளை எடுத்துக்கொள்கிறது. வெப்ப மண்டலத்துக்கு வடக்கே உள்ள நாடுகளில் நண்பகல் நிழல் வடக்கு நோக்கி விழும், தெற்கே உள்ள நாடுகளில் தெற்கு நோக்கி. ஆக, நிழல் ஒன்றே திசையைத் தோராயமாகக் கொடுத்துவிடும், படம் எடுத்த நேரமும் தெரிந்தால் சில டிகிரிக்குள் வந்துவிடலாம்.

அடுத்தது, படம் இடம்வலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதை நான் கஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். மூன்று ஓடுபாதைகள் உள்ள ஒரு தளத்தை இரண்டு வாரம் தேடினேன், எதனோடும் பொருந்தவில்லை. கடைசியில் ஹேங்கர் என்கிற விமானக் கொட்டகையின் வாசலில் நின்ற விமானத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது அதன் பக்கவாட்டில் இருந்த எழுத்து கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பியிருந்தது. நெகட்டிவைப் பின்பக்கம் முன்னால் வரும்படி புரட்டிப் போட்டு அச்சடித்திருக்கிறார்கள். படத்தைத் திருப்பிப் போட்ட அரை மணி நேரத்தில் தளம் கிடைத்துவிட்டது. இப்போதெல்லாம் படத்தில் எழுத்து ஏதாவது இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுகிறேன், இல்லையென்றால் இரண்டு விதமாகவும் வைத்துத்தான் ஒப்பிடுகிறேன்.

பிரிட்டிஷ் விமானப்படை எடுத்த செங்குத்துப் படமாக, அதாவது நேர் மேலேயிருந்து கீழ்நோக்கி எடுத்ததாக இருந்தால் ஓரத்துப் பட்டையை வெட்டாமல் விட்டிருக்கிறார்களா பாருங்கள். பறப்பின் எண், பட எண், தேதி, லென்ஸின் குவியத் தூரம், பறந்த உயரம் எல்லாம் அந்தப் பட்டையில் இருக்கும். 20 அங்குல லென்ஸ், 16,600 அடி உயரம் என்று போட்டிருந்தால் கணக்கு சுலபம்: உயரத்தைக் குவியத் தூரத்தால் வகுத்தால் ஏறக்குறைய 10,000 வரும். அதாவது மூல அளவில் அச்சிட்ட படத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் நூறு மீட்டர். ஓடுபாதையை ஸ்கேல் வைத்து அளந்தால் நீளம் கையில். பட்டை இல்லாவிட்டாலும் வழி உண்டு. போர்க்கால பிரிட்டிஷ் தளங்களில் எங்கும் காணப்படும் டி2 வகை ஹேங்கர் சுமார் 240 அடி நீளம், 115 அடி அகலம். அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

இப்போது தளத்தின் வடிவம். காலத்தைச் சொல்வது இதுதான். ஓடுபாதையே இல்லாத புல்வெளி, நடுவிலோ ஓரத்திலோ ஒரு பெரிய வெள்ளை வட்டம், பக்கத்தில் ஊர்ப்பெயர் என்றால் பெரும்பாலும் 1920-களும் 30-களும்தான். ஒன்றையொன்று ஏறக்குறைய 60 டிகிரியில் வெட்டும் மூன்று கான்கிரீட் ஓடுபாதைகள், சுற்றிலும் ஒரு வளையப் பாதை, அந்தப் பாதையிலிருந்து வாணலி போலவோ மூக்குக்கண்ணாடி போலவோ கிளைக்கும் நிறுத்துமிடங்கள் என்றால் 1942-இல் பிரிட்டனில் வகுத்த ஏ வகுப்புத் தளம். அதில் முதன்மை ஓடுபாதை 2,000 கெஜம், மற்ற இரண்டும் 1,400 கெஜம், அகலம் 50 கெஜம். நீண்ட ஒற்றை ஓடுபாதையும் இரண்டு முனைகளிலும் அகலமான தளமும் இருந்தால் ஜெட் காலத்துக்கு வந்துவிட்டோம். கண்காணிப்புக் கோபுரத்துக்கு முன்னால் விமானிகளுக்குக் குறிகள் காட்டும் சதுரமான ஒரு சைகைத் திடல் தெரிந்து, அதன் பக்கத்தில் இரண்டு பெரிய வெள்ளை எழுத்துகள் இருந்தால் தேடலே முடிந்துவிட்டது என்று சொல்லலாம். பிரிட்டிஷ் தளங்கள் ஒவ்வொன்றுக்கும் இரண்டெழுத்துக் குறியீடு இருந்தது, டக்ஸ்ஃபோர்டுக்கு டி எக்ஸ் என்பது போல.

ஒரு எச்சரிக்கை. போரின் ஆரம்ப வருஷங்களில் பிரிட்டனில் புல்வெளித் தளங்களின் மேல் வேலிகளையும் வயல் எல்லைகளையும் சாயத்தால் வரைந்து வைத்தார்கள், மேலேயிருந்து பார்த்தால் வெறும் வயலாகத் தெரியட்டும் என்று. இன்னும் ஒருபடி மேலே போய், கர்னல் ஜான் டர்னர் தலைமையில் போலித் தளங்களையே அமைத்தார்கள், பொம்மை விமானங்கள் நிறுத்திய பகல் தளங்கள், விளக்குகள் மட்டும் எரியும் இரவுத் தளங்கள். ஆகையால் தளத்துக்குள்ளே தெரிகிற வேலிக்கோட்டை நம்பி ஒப்பிடாதீர்கள். தளத்துக்கு வெளியே இருப்பதை நம்புங்கள்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

பெரும்பாலானவர்கள் முதலில் திறப்பது சாட்டிலைட் படம்தான், நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். கான்கிரீட் தளம் என்றால் அது தப்பான தொடக்கமும் இல்லை. ஓடுபாதை போனாலும் அதன் வடு போவதில்லை. இங்கிலாந்தின் நார்ஃபோக் பக்கம் பழைய ஓடுபாதைகளின் மேல் நீளநீளமான வான்கோழிக் கொட்டகைகள் வரிசையாக நிற்கின்றன, தளம் தெரியாவிட்டாலும் கொட்டகைகள் நிற்கிற கோணம் ஓடுபாதையின் கோணத்தையே சொல்லும். சில்வர்ஸ்டோன் கார்ப் பந்தயச் சுற்று 1943-இல் திறந்த ஒரு குண்டுவீச்சுப் பயிற்சித் தளத்தின் வளையப் பாதையிலிருந்து பிறந்தது. பெர்லினின் டெம்பல்ஹோஃப் 2008-இல் மூடி 2010-இல் பூங்காவாகத் திறந்தது, ஓடுபாதைகள் அப்படியே இருக்கின்றன, மக்கள் அதில் சைக்கிள் ஓட்டுகிறார்கள். பசிபிக் கடலில் உள்ள டினியன் தீவின் வடதளத்தில் 8,500 அடி நீளத்தில் நான்கு இணை ஓடுபாதைகள், 1945 ஆகஸ்டில் அணுகுண்டு விமானங்கள் கிளம்பிய இடம் அது. காடு மூடிய பிறகும் அந்த நான்கு கோடுகளை வானத்திலிருந்து பிரித்துப் பார்க்க முடிந்தது. கம்ப்யூட்டரில் நிறுவும் கூகுள் எர்த்தில் பழைய தேதிகளுக்குப் பின்னோக்கிப் போகும் வசதியும் இருக்கிறது, லண்டனுக்கு 1945 படங்கள்கூட அதில் உண்டு. ஆனால் அப்படிப் பழைய படம் கிடைப்பது சில நகரங்களுக்கு மட்டும்தான், கிராமப்புறத்தில் பெரும்பாலும் கடந்த இருபது முப்பது வருஷத்துக்கு மேல் பின்னால் போகாது.

புல்வெளித் தளங்களில்தான் சாட்டிலைட் கைவிடுகிறது. புல்வெளி மறுபடியும் வயலாகிவிட்டால் பார்ப்பதற்கு என்ன மிஞ்சும்? லண்டனுக்கு மேற்கே இருந்த ஹெஸ்டன் தளத்தின் மேல் இன்று எம்4 நெடுஞ்சாலை ஓடுகிறது. லண்டனின் பழைய விமான நிலையமான குராய்டன் 1959-இல் மூடியது, அங்கே இப்போது வீடுகளும் தொழிற்கூடங்களும் இருக்கின்றன. இப்படிப்பட்ட இடங்களில் படத்தைவிட அந்தப் பகுதியின் தெருப்பெயர்கள் அதிகம் பேசும். விமானிகள், விமான வகைகள் பெயரில் நான்கைந்து தெருக்கள் சேர்ந்தாற்போல் இருந்தால் அங்கே கொஞ்சம் நின்று பாருங்கள்.

நிலவரைபடத்துக்கு ஒரு பெரிய பலம் உண்டு, அது பெயரைச் சொல்லும். வேறு எந்த வழியும் சொல்லாது. அமெரிக்க ராணுவத்தின் வரைபடப் பிரிவு அச்சிட்ட 1:250,000 தாள்கள் உலகின் பல பகுதிகளுக்கு இருக்கின்றன, டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் நூலகம் ஒரு பெரும் தொகுதியை இணையத்தில் வைத்திருக்கிறது. சோவியத் ராணுவத்தின் 1:200,000 தாள்களும் பயன்படும், பிற நாட்டு விமானத்தளங்களைக் குறிப்பதில் அவர்களுக்கு எந்தத் தயக்கமும் இருந்ததில்லை. பிரச்சினை, ஒரு நாடு தன் சொந்தத் தளத்தைத் தன் சொந்த வரைபடத்தில் காட்டுவதில்தான். பிரிட்டனின் அரசு வரைபட அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வே போர்க்காலத்திலும் அதற்குப் பிறகு சில வருஷங்களும் ராணுவத் தளங்களை விட்டுவிட்டே அச்சிட்டது, பெரிய குண்டுவீச்சுத் தளம் இருந்த இடத்தில் போருக்கு முந்தைய வயல்களும் பாதைகளும் சாவகாசமாக இருக்கும். போருக்குப் பின் அதே அமைப்பு வெளியிட்ட வான்படத் தொகுப்புகளில் தளங்களின் மேல் பொய் வயல்களை வரைந்தும் மறைத்தார்கள். அதனால் வரைபடத்தில் தளம் இருந்தால் அது சாட்சி, இல்லாமல் இருந்தால் அதை வைத்து எதுவும் முடிவு செய்யக் கூடாது. பத்துப் பதினைந்து வருஷம் கழித்து வந்த பதிப்பில் அதே இடத்தில் “பழைய விமானத்தளம்” என்ற குறிப்போடு மூன்று கோடுகள் திடீரென்று தோன்றும். பதிப்புகளை வரிசையாக வைத்துப் பார்ப்பதுதான் முறை.

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் சிறந்தது அந்தக் கால வான்படம், அதாவது உங்கள் படம் எடுத்த அதே பத்தாண்டில் வேறு யாரோ எடுத்தது. எடின்பரோவில் உள்ள தேசிய வான்படத் தொகுப்பில் கோடிக்கணக்கில் படங்கள் இருக்கின்றன, போர்க்கால உளவுப் பறப்புகளின் படங்கள் உட்பட. ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பு தன் வான்படங்களில் லட்சக்கணக்கானவற்றை இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டது, அமெரிக்க விமானப்படை 1943, 44-இல் இங்கிலாந்தின் மேல் எடுத்த படங்களையும் 2023-இல் ஒரு வரைபடத்தில் கோத்து வெளியிட்டது. போர் முடிந்த கையோடு பிரிட்டிஷ் விமானப்படை நாட்டையே செங்குத்துப் படங்களாக எடுத்துத் தள்ளியது. ஜெர்மன் விமானப்படை எடுத்துப் பிற்பாடு கைப்பற்றப்பட்ட படங்கள் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, கிழக்கு ஐரோப்பாவில் தேடுகிறவர்களுக்கு அவற்றை விட்டால் வேறு கதி கிடையாது.

இந்த வழியின் இன்னொரு பெரிய லாபம் இரட்டைப் பார்வை. செங்குத்துப் படங்களை வரிசையாக எடுக்கும்போது அடுத்தடுத்த படங்கள் சுமார் 60 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எடுப்பார்கள். அப்படி இரண்டு அடுத்தடுத்த படங்களை ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு படத்தைக் காட்டும் ஸ்டீரியோஸ்கோப்பின் கீழ் வைத்தால் ஹேங்கர் எழுந்து நிற்கும், வெடிகுண்டுக் கிடங்கைச் சுற்றிய மண்மேடு உயர்ந்து தெரியும், தட்டையாகப் பார்த்தபோது வைக்கோல் போர் என்று நினைத்தது விமானத்தைச் சுற்றிய தடுப்புச்சுவர் என்று புரியும். போரின்போது பிரிட்டனின் மெட்மன்ஹாமில் படங்களைப் படித்தவர்கள் இப்படித்தான் வேலை செய்தார்கள், விமானத்தளங்களுக்கென்றே அங்கே தனிப் பிரிவு இருந்தது, அதை உர்சுலா பவிஸ்-லிப் என்ற பெண் அதிகாரி நடத்தினார். அவர்கள் செய்ததைத்தான் நாமும் செய்கிறோம், அவர்களுக்கு நேரம் மட்டும் நம்மைவிடக் குறைவு.

இதன் குறை, பொறுமை வேண்டும். எல்லாப் படங்களும் ஸ்கேன் ஆகவில்லை, பறப்புகளின் பட்டியலைத் தோண்ட வேண்டும், சில காப்பகங்கள் கட்டணம் கேட்கும், பதில் வர வாரக்கணக்கில் ஆகலாம். அதோடு எந்தப் பகுதி என்று தோராயமாகவாவது தெரிந்திருக்க வேண்டும். நாடே தெரியாத படத்தை வைத்துக்கொண்டு காப்பகத்தின் வாசலில் நின்றால் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.

காப்பகப் படம் கிடைக்காத இடங்களில் கைகொடுப்பது உளவுச் செயற்கைக்கோள் படங்கள். அமெரிக்காவின் கொரோனா திட்டம் 1960 முதல் 1972 வரை ஓடியது. சுருள் சுருளாகப் படமெடுத்து, ஃபிலிமை ஒரு கூண்டில் வைத்துப் பூமிக்கு அனுப்ப, பாராசூட்டில் இறங்கும் கூண்டை விமானம் நடுவானில் கொக்கி போட்டுப் பிடிக்கும். 1995 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் கிளின்டன் உத்தரவால் 8,60,000-க்கும் மேற்பட்ட படங்கள் வெளியே வந்தன. ஆரம்பகாலப் படங்களில் 12 மீட்டருக்குக் குறைவான எதுவும் பிரியாது, கடைசிக் கட்டத்தில் அது 2 மீட்டருக்கும் கீழே வந்துவிட்டது. 46 மீட்டர் அகல ஓடுபாதைக்கு இது தாராளம். அடுத்து வந்த ஹெக்சகன் என்ற உளவுச் செயற்கைக்கோள்களின் படங்கள் இன்னும் தெளிவு. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் எர்த் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் இடத்தைக் குறித்துத் தேடலாம், ஏற்கெனவே ஸ்கேன் ஆனவை இலவசம்.

ரஷ்யா, சீனா, மத்தியக் கிழக்கு என்றால் நான் நேராக இங்கேதான் வருவேன். சொந்தக் காப்பகங்களைத் திறக்காத நாடுகளுக்கு 1960-களின் நிலத்தைக் காட்டும் ஜன்னல் வேறு கிடையாது. அதோடு, வேகமான கட்டுமானமும் பெரிய அளவு இயந்திர விவசாயமும் வருவதற்கு முந்தைய நிலம் பல இடங்களில் அதில் பதிந்திருக்கிறது. ஒரு விஷயத்தில் மட்டும் கவனம்: கொரோனா கேமரா பக்கவாட்டில் சுழன்று எடுத்தது, அதனால் படத்தின் ஓரங்கள் இழுபட்டிருக்கும். ஓடுபாதைகளுக்கு நடுவிலான கோணத்தை அதில் நேரடியாக அளந்து “பொருந்தவில்லை” என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள், முதலில் நான்கைந்து நிலையான புள்ளிகளை இன்றைய படத்தோடு இணைத்துச் சரிசெய்து, அப்புறம் அளங்கள்.

லைடார் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். விமானத்திலிருந்து லேசர் அடித்துத் தரையின் ஏற்ற இறக்கத்தை அளப்பது. மரங்களை நீக்கிவிட்டுத் தரையை மட்டும் காட்டும். காட்டுக்குள் மறைந்த நிறுத்துமிடங்களுக்கும் வெடிகுண்டுக் கிடங்கின் மண்மேடுகளுக்கும் இதற்கு ஈடு இல்லை. இங்கிலாந்தில் ஒரு மீட்டர் துல்லியத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, பல நாடுகளில் கிடைக்கவே கிடைக்காது. தேடுவதற்கு உதவாது, கண்டுபிடித்ததை உறுதி செய்ய உதவும். இதைப் போலவே வறண்ட கோடையில் எடுத்த சாட்டிலைட் படமும். மண்ணுக்கடியில் கான்கிரீட் மிஞ்சியிருந்தால் அதன் மேல் பயிர் முதலில் வாடும், 2018 கோடையில் பிரிட்டன் முழுக்க இப்படிப் புதைந்த கோடுகள் வெளியே வந்தன. நீங்கள் சந்தேகப்படுகிற இடத்துக்கு எந்த வருஷம் வறட்சி என்று பார்த்து அந்த மாதத்துப் படத்தைத் தேடுங்கள்.

ஆக, முடிவு எப்படி எடுப்பது? படத்தில் கான்கிரீட் ஓடுபாதைகள், நாடும் தோராயமாகத் தெரியும் என்றால் சாட்டிலைட்டில் தொடங்கிக் காப்பகப் படத்தில் முடியுங்கள். புல்வெளித் தளம் என்றால் சாட்டிலைட்டைத் தொடவே வேண்டாம், 1930-களின் வரைபடங்களும் விமானிகளுக்காக அச்சிட்ட வழிப்படங்களும்தான் முதலில். அமெரிக்காவாக இருந்தால் இன்னொரு உபாயமும் உண்டு, 1920-களில் அஞ்சல் விமானங்களுக்காகத் தரையில் போட்ட 70 அடி வரையிலான கான்கிரீட் அம்புகள் பல இன்னும் கிடக்கின்றன, அந்த வழித்தடத்தைப் பிடித்துப் போனால் இடைத்தளங்கள் ஒவ்வொன்றாக வரும். காப்பகம் மூடிய நாடு என்றால் கொரோனா. நாடே தெரியாது என்றால் எந்த வழிக்கும் போகாதீர்கள், படத்திடமே திரும்பிப் போங்கள்: வயல்களின் வடிவம், கூரைகள், விமான வகை, சாலையில் வண்டி எந்தப் பக்கம் போகிறது, ஏதோ ஒன்று சொல்லும்.

பொருத்தம் கிடைத்ததாகத் தோன்றும்போதுதான் அதிகம் ஏமாறுகிறோம். ஏ வகுப்புத் தளங்கள் எல்லாம் ஒரே வரைவிலிருந்து வந்தவை, முதல் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். ஓடுபாதை நீளத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், பின்னால் நீட்டியிருக்கலாம். ஓடுபாதை முனையில் எழுதிய எண்ணையும் முழுசாக நம்ப வேண்டாம். அந்த எண் ஓடுபாதையின் திசைகாட்டித் திசையைச் சொல்வது, அதனால் காந்த வடக்கு நகர நகர எண் மாறும், லண்டனுக்கு வடக்கே உள்ள ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்தின் ஓடுபாதை 2009-இல் 05/23-லிருந்து 04/22 ஆனது, கான்கிரீட் ஒரு அங்குலம்கூட நகராமலேயே. நான் பார்ப்பது மூன்று ஓடுபாதைகளும் ஒன்றையொன்று எந்த இடத்தில் வெட்டுகின்றன என்பதை, வளையப் பாதை எங்கே தேவையில்லாமல் நெளிகிறது என்பதை, அந்த நெளிவுக்குக் காரணமான தோப்போ வீடோ இரண்டு படத்திலும் இருக்கிறதா என்பதை. தளத்துக்கு வெளியே மூன்று இடங்களாவது பொருந்தினால்தான் பெயரை எழுதுவேன்.

எதுவுமே மிஞ்சாத தளங்களும் உண்டு. 1944-இல் நார்மண்டியில் சில நாட்களில் போட்ட தற்காலிகத் தளங்களில் கான்கிரீட்டே கிடையாது, இரும்பு வலையோ தார் பூசிய சணல் விரிப்போ துளையிட்ட இரும்புத் தகடோ விரித்து விமானத்தை இறக்கினார்கள், படை முன்னேறியதும் சுருட்டிக்கொண்டு போனார்கள். அங்கே தேவாலயக் கோபுரமும் சாலைச் சந்திப்பும் மட்டும்தான் துணை. நேரில் போக முடிந்தால் அந்தப் பக்கத்து வயல் வேலிகளையும் தொழுவத்துக் கதவுகளையும் பாருங்கள். 10 அடி நீளம், 15 அங்குல அகலத்தில் துருப்பிடித்த தகடு ஒன்று நின்றால் துளைகளை எண்ணிப் பாருங்கள், வரிசைக்கு 29 வீதம் மூன்று வரிசை, 87 இருக்கும்.